சிஆர்எஸ் பட்டியல் திறக்க 25 வினாடி ஆகிறது, எங்கே தவறு செய்கிறேன்?

ஏரிக்கரையான்:
மக்களே, பெங்களூரில் ஏரி எல்லைகளை வரையும் சின்னக் குழு ஒன்றில் இருக்கிறேன். களத்துக்குப் போகிறவர்களுக்காக பைத்தானில் ஒரு கருவி எழுதினேன், ஜன்னல்களுக்கு பைக்யூட்டி, ஆயத்தொலைவு மாற்றங்களுக்கு பைப்ராஜ், இந்த இரண்டு நூலகங்கள்தான். ஃபைலைத் திறந்ததும் எந்த சிஆர்எஸ் (ஃபைலில் உள்ள எண்கள் பூமியில் எந்த இடம் என்று சொல்லும் ஆயத்தொலைவு முறை) என்று கேட்கும் ஜன்னல் வர என் லேப்டாப்பிலேயே 25 வினாடி ஆகிறது, களத்தில் இருக்கும் பழைய மெஷின்களில் கேட்கவே வேண்டாம், ஹேங் ஆகிவிட்டது என்று நினைத்து மூடிவிடுகிறார்கள். இபிஎஸ்ஜி எண்களை (சிஆர்எஸ்களின் அடையாள எண்கள்) எல்லாம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிஆர்எஸ் ஆப்ஜெக்ட் உருவாக்கி, அதிலிருந்து பெயரை எடுத்துப் பட்டியலில் சேர்க்கிறேன். க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் இதே பட்டியல் சட்டென்று வருகிறதே? தனி த்ரெட்டில் ஓட்டினால் சரியாகுமா?

நிரல்பூனை:
த்ரெட் போட்டால் ஜன்னல் உறையாது, அவ்வளவுதான். 25 வினாடி அப்படியே இருக்கும்.

சிக்கல் ஆப்ஜெக்டில் இருக்கிறது. பைப்ராஜுக்கு அடியில் ஓடும் நூலகமான ப்ராஜின் 6ஆம் பதிப்பு 2019இல் வந்தபோது பழைய டெக்ஸ்ட் ஃபைல்களை விட்டுவிட்டு எல்லாவற்றையும் ப்ராஜ்.டிபி என்ற எஸ்க்யூலைட் ஃபைலுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு முழு சிஆர்எஸ் உருவாக்க டேட்டம் (அளவீட்டின் அடிப்படை), நீள்வட்டம் (பூமியின் வடிவமாக எடுத்துக்கொள்வது), அச்சுகள், ப்ரொஜெக்‌ஷன் அளவுருக்கள் என்று அதில் பல டேபிள்களைத் தேட வேண்டும், நீங்கள் அதை ஆயிரக்கணக்கான தடவை செய்துவிட்டு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போடுகிறீர்கள். பைப்ராஜ் 3இலிருந்து க்வெரி_சிஆர்எஸ்_இன்ஃபோ என்ற ஃபங்ஷன் இருக்கிறது. எண், பெயர், வகை, பயன்படும் பரப்பு, இவற்றை மட்டும் ஒரே மூச்சில் தரும். ஆப்ஜெக்டை பயனர் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு உருவாக்கினால் போதும். அதில் ஆத் நேம் என்ற அளவுருவில் இபிஎஸ்ஜி என்று கொடுக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் புதிய பதிப்புகளில் நிலாவுக்கும் செவ்வாய்க்குமான சிஆர்எஸ்ஸும் சேர்ந்து வரும், அங்கே உங்களுக்கு ஏரி இல்லை!

மடிவாளாமணி:
மேலே சொன்னது சரி, ஆனால் அதோடு முடியாது. பைக்யூட்டியின் ட்ரீ விட்ஜெட்டில் ஒவ்வொரு வரியாக ஐட்டம் சேர்ப்பதும் மெதுவானதுதான். தரவைத் தனியாக வைத்துக்கொண்டு திரைக்குத் தேவையானதை மட்டும் கேட்கும் மாடல்-வியூவுக்கு மாறுங்கள், எல்லா வரியும் ஒரே உயரம் என்று சொல்லும் யூனிஃபார்ம் ரோ ஹைட்ஸை ட்ரூ ஆக்குங்கள். தேடல் பெட்டியில் ஒவ்வொரு எழுத்துக்கும் முழுப் பட்டியலையும் வடிகட்டாமல், தட்டுவது நின்று கால் வினாடி கழித்து வடிகட்டுங்கள்.

காணிநிலம்:
தம்பி, அவ்வளவு பெரிய பட்டியல் களத்து ஆட்களுக்கு எதற்கு? அதே ஃபங்ஷனில் ஏரியா ஆஃப் இன்ட்ரஸ்ட் கொடுக்கலாம், அந்தப் பரப்பைத் தொடுபவை மட்டும் வரும். அட்சரேகை-தீர்க்கரேகைக்கு 4326, இணைய வரைபடங்களுக்கு 3857, யூடிஎம் (பூமியை ஆறு டிகிரிப் பட்டைகளாகப் பிரிக்கும் முறை) 43ஆம் பட்டைக்கு 32643, நாடு முழுமைக்குமான 7755, அப்புறம் பழைய தாள்களுக்கு கல்யாண்பூர் 1975, பெரும்பாலும் இதற்குள் வேலை முடிந்துவிடும். எவரெஸ்ட் நீள்வட்டத்தில் இருக்கும் பழைய தாளை ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்று நினைத்துத் திறந்தால் ஏரி பக்கத்துத் தெருவில் போய் நிற்கும், அதனால் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

ஆனால் நீங்கள் கொடுக்கும் பரப்பை நகர எல்லையோடு இறுக்கிவிடக் கூடாது. யூடிஎம் 43க்கும் 44க்கும் எல்லை 78 டிகிரி கிழக்கு. பெங்களூர் 43இல், ஓசூரும் 43இல், கோலாரோ 44இல். நகரத்தை மட்டும் கொடுத்தால் 44க்கான 32644 பட்டியலில் வராது, கோலார் ஃபைலைத் திறப்பவர் இருப்பதில் ஒன்று என்று 43ஐத் தட்டுவார், ஏரி சரியாக ஆறு டிகிரி மேற்கே நகர்ந்து அரபிக்கடலில் விழும். 77 முதல் 79 டிகிரி கிழக்கு வரை கொடுங்கள், "எல்லாவற்றையும் காட்டு" என்று ஒரு பட்டனும் வையுங்கள்.

ஏரிக்கரையான்:
எல்லோருக்கும் நன்றி. ஆப்ஜெக்ட் உருவாக்குவதை எடுத்ததுமே ஒரு வினாடிக்குள் வந்துவிட்டது, மாடல்-வியூ இந்த வாரக் கடைசியில். காணிநிலம் அண்ணே, போன மாதம் கடலுக்குள் போன இரண்டு ஃபைலும் கோலார்தான், நான் ஜிபிஎஸ் கருவியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.