ஒட்டாவாவில் கனடா பார்லிமென்ட் திருத்த வேலை: எம்பிக்கள் வெளியேறாமல் செய்திருக்க முடியாதா?

ஸ்காபரோ அப்பா:
லோங் வீக்கெண்டுக்குப் பிள்ளைகளை ஒட்டாவாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நாலரை மணித்தியாலம் ஓடிப்போய் இறங்கினால் பார்லிமென்டின் பிரதான கட்டடமான சென்டர் பிளாக்கைச் சுற்றி வேலி, கிரேன், புல்வெளி இருந்த இடத்தில் பெரிய குழி. மூத்தவள் "இதுக்கா வந்தனாங்கள்?" என்று கேட்டுவிட்டாள். 2018 கடைசியில் பூட்டியது, 2030-31 வரை வேலை, 4.5 முதல் 5 பில்லியன் டொலர் என்கிறார்கள். எங்கள் பேஸ்மென்ட் திருத்தும்போது நாங்கள் மேலேதான் இருந்தோம். ஒரு பக்கம் சபையை நடத்திக்கொண்டு மற்றப் பக்கத்தைத் திருத்தினால் என்ன? இப்போது இவர்கள் எங்கேதான் கூடுகிறார்கள்?

கால்வாய்க்கரை:
தம்பி, நீங்கள் பார்லிமென்டுக்குப் பக்கத்தில்தான் நின்றிருக்கிறீர்கள். வேலியைப் பார்த்து நின்றபடி இடது கைப்பக்கம் திரும்பியிருந்தால் வெஸ்ட் பிளாக். 2019 ஜனவரி 28இல் இருந்து கீழவை அங்கேதான். அந்தக் கட்டடத்தின் நடுவில், ஊரில் நாற்சார் வீட்டில் இருக்குமே, அது மாதிரி ஒரு திறந்த முற்றம் இருந்தது. அதற்கு மேலே கண்ணாடிக் கூரை போட்டு உள்ளே சபையை வைத்துவிட்டார்கள். கூரைப் பாரம் பழைய சுவரில் இறங்காமல் கிளை விரித்த மரம் போல இரும்புத் தூண்கள் தனியாகத் தாங்குகின்றன. கேலரியில் இருந்து அண்ணாந்து பாருங்கள், நூறு வருடத்துக்கு மேல் மழையும் பனியும் பட்ட வெளிச்சுவர் இப்போது உள்சுவர்.

மேலவையான செனட் போனது ரீடோ வீதிப் பழைய ரயில் நிலையத்துக்கு. 1912இல் கட்டியது, 1966இல் ரயில் நின்றுபோனது. செனட்டர்மார் இன்னும் ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள் என்று நாங்கள் பகிடி விடுவோம்.

வெஸ்ட் பிளாக்குக்கு 863 மில்லியன் டொலர் போனது. ஆனால் அது எப்படியும் திருத்த வேண்டியிருந்த கட்டடம், சும்மா வாடகைக் காசு மாதிரிப் போனதில்லை. கீழவை திரும்பிய பிறகு அந்த இடம் குழுக்கள் கூடும் அறைகளாக மாறும்.

அஸ்திவாரம்:
நண்பரே, பெயின்ட், பூச்சு என்றால் நீங்கள் சொன்ன மாதிரி பக்கம் பக்கமாகச் செய்யலாம். நானும் கட்டுமான வேலையில் இருப்பவன்தான். இங்கே கை வைத்திருப்பது அஸ்திவாரத்தில். 2010 ஜூனில் நிலநடுக்கத்தில் ஒட்டாவா குலுங்கியது ஞாபகம் இருக்கிறதா, 5.0 அளவில்? கல் கட்டிடம் அதைவிடப் பெரிய ஆட்டத்தில் வளைந்து கொடுக்காது, வெடிக்கும். அதனால் மொத்தக் கட்டிடத்தையும் பாறையிலிருந்து பிரித்து, நடுவில் ரப்பரும் உலோகமும் சேர்ந்த தாங்கிகளை வைக்கிறார்கள், தரை ஆடினாலும் மேலே உள்ளது மெதுவாகத்தான் அசையும். அதற்கு முதலில் கட்டிடத்தின் முழு எடையையும் தற்காலிகக் கால்கள் மேல் ஏற்றி அடியில் பாறையை வெட்ட வேண்டும். நீங்கள் பார்த்த குழி பார்வையாளர்களுக்கான மூன்று தள நிலத்தடி மையம், அதற்கும் பாறைதான் வெட்டுகிறார்கள். மேலே கேள்வி நேரம், கீழே பாறை உடைப்பு, நடக்கிற காரியமா? போதாததற்குச் சுவருக்குள்ளெல்லாம் அஸ்பெஸ்டாஸ், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார். உங்கள் பேஸ்மென்ட்டில் அது இருந்தால் உங்களையும்தான் வெளியே போகச் சொல்வார்கள்.

மொன்றியால் குரல்:
எல்லாம் சரி, திகதியை நம்பச் சொல்லாதீர்கள். ஹேக் நகரில் டச்சு பார்லிமென்ட் 2021இல் வெளியேறியது, ஐந்தரை வருடம், 475 மில்லியன் யூரோ என்று சொல்லி. பிறகு கணக்கு 2 பில்லியனைத் தாண்டியது, வருடமும் தள்ளிப்போனது. இங்கே மட்டும் சொன்ன நாளில் முடித்துவிடுவார்களாக்கும்.

தேம்ஸ் ஓரம்:
வெளியேறாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையென்றால் லண்டனுக்கு வாருங்கள். முழுதாக வெளியேறித் திருத்துவோம் என்று 2018 ஜனவரி 31இல் எங்கள் எம்பிக்கள் 236க்கு 220 என்று வாக்களித்தார்கள், அடுத்த வருடம் சட்டமும் வந்தது. பிறகு செலவைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் திரும்ப யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். பார்லிமென்ட் நிலவறையில் நீராவிக் குழாய், காஸ் குழாய், மின்கம்பி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. இரவு பகலாக எங்கேயாவது புகை வருகிறதா என்று நடந்து பார்ப்பதற்கென்றே ஆட்களை வைத்திருக்கிறார்கள். ஒட்டுப்போட்டு ஓட்டுவதற்கே வாரத்துக்கு 1 மில்லியன் பவுணுக்கு மேல் போகிறது. இத்தனைக்கும் 1834இல் ஒருமுறை எரிந்த இடம். போனால் திரும்ப விடமாட்டார்கள் என்ற பயமும் சில பேருக்கு இருக்கிறது. 1941இல் குண்டு விழுந்து கீழவை மண்டபம் அழிந்தபோது 1950 வரை வேறு இடத்தில் சமாளித்தவர்கள்தானே!

ஸ்காபரோ அப்பா:
அஸ்பெஸ்டாஸ் கதையைக் கேட்டு மனைவி எங்கள் பேஸ்மென்ட்டையும் சோதிக்கச் சொல்கிறா, நன்றி நண்பரே. அடுத்த முறை வெஸ்ட் பிளாக்குக்குள் போகலாமா?

கால்வாய்க்கரை:
போகலாம். இலவசம்தான், ஆனால் முன்கூட்டியே ஒன்லைனில் பதிந்துவிடுங்கள். கனடா தினத்துக்கு வந்தால் பார்லிமென்ட் மலைக்கு ஏறாதீர்கள், இந்த வேலை காரணமாக 2022இல் இருந்து கொண்டாட்டம் லெப்ரட்டன் பிளட்ஸ் என்ற இடத்தில்.

இன்னொன்று, பிள்ளைகளோடு வந்தீர்களே, டைனோசர் பார்க்க இயற்கை அருங்காட்சியகத்துக்குப் போனீர்களா? 1916 பிப்ரவரி 3 இரவு பழைய சென்டர் பிளாக் எரிந்தது, ஏழு பேர் செத்தார்கள், இரும்புக் கதவை நேரத்துக்கு மூடியதால் நூலகம் மட்டும் தப்பியது. மறுநாளே எம்பிக்கள் கூடியது அந்த அருங்காட்சியகத்தில்தான், 1920 வரை அங்கேதான் இருந்தார்கள். 1919இல் முன்னாள் பிரதமர் லோரியே இறந்தபோது உடலை அஞ்சலிக்கு வைத்ததும் அங்கேதான்.

ஸ்காபரோ அப்பா:
அண்ணை, அங்கே முழுதாக இரண்டு மணித்தியாலம் நின்றோம். சின்னவன் டைனோசரை விட்டு அசையவே இல்லை. மூத்தவளிடம் இப்போதுதான் சொன்னேன், "அப்ப நாங்கள் பார்லிமென்டுக்குள்ள போயிட்டம்" என்கிறாள்.