ஸீரோ ஓட்டுகிறேன், சாமுராய் வழி என்று தினமும் சாகிறேன்

வெள்ளைவால் எழுதியது:

ஒரு வருடமாக ஐஎல்-2 1946 என்ற விமானப்போர் சிமுலேட்டரில், இரண்டாம் உலகப்போர்க்கால ஜப்பானியப் போர் விமானமான ஸீரோ, அதிலும் ஏ6எம்2 ரகம் மட்டும்தான் ஓட்டுகிறேன். எங்கள் குழுத் தலைவருக்கு சாமுராய் பைத்தியம். உயரத்திலிருந்து பாய்ந்து சுட்டுவிட்டு ஓடுவது கோழைத்தனம், வட்டமடித்து மோதுவதுதான் வீரம் என்பார். ‘ஏற்கெனவே செத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போ’ என்பது அவருடைய தாரக மந்திரம். நானும் அப்படித்தான் போகிறேன், சொன்னபடி செத்தும் விடுகிறேன். நேற்று ஒன்றரை மணி நேரத்தில் ஆறு முறை.

இந்தத் தத்துவத்தால் யாருக்காவது ஆட்டம் தேறியிருக்கிறதா? இல்லை, வெறும் படம் காட்டத்தானா?

---

மேகத்துக்குள் எழுதியது:

ஆறுதானா? நான் போன வாரம் ஒன்பது. தத்துவம் எதுவும் இல்லாமலே.

---

பழையகம்பி எழுதியது:

நண்பரே, உங்கள் தலைவர் சொல்வது ‘ஹகாகுரே’ என்ற சாமுராய் நூலில் வருவது. நானும் அந்தப் போதையில் இரண்டு வருடம் இருந்தவன்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்தப் பேச்சுக்குச் சொந்தக்காரர் யமமோட்டோ சுனேடோமோ. 1700-களின் தொடக்கத்தில் ஒரு துறவியாக உட்கார்ந்து சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதிக்கொண்டது. ஜப்பானில் நூறு வருடமாக அமைதி நிலவிய காலம் அது. மனிதர் ஒரு போரைக்கூடப் பார்த்ததில்லை. மியமோட்டோ முசாஷி என்ற வாள்வீரர் அப்படி இல்லை. 13 வயதிலிருந்து 29-க்குள் அறுபது தடவைக்கு மேல் மோதி ஒன்றிலும் தோற்கவில்லை என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். கணக்கில் கொஞ்சம் மிகை இருக்கலாம், போகட்டும். அவருடைய ‘ஐந்து வளையங்களின் நூலில்’ நெருப்புப் பகுதியை எடுத்துப் பாருங்கள். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள், எதிரியைவிடக் கொஞ்சமாவது உயரமான இடத்தில் நில் என்கிறார். 1640-களில் எழுதியது! சூரியனிலிருந்து இறங்கி அடிப்பதைக் கோழைத்தனம் என்று சொல்லும் உங்கள் தலைவரிடம் இதைக் காட்டுங்கள்.

எனக்கு உண்மையில் உதவியது பார்வையைப் பற்றி முசாஷி சொன்னதுதான். தூரத்தில் இருப்பதை அருகில் இருப்பதுபோலவும், அருகில் இருப்பதைத் தூரத்தில் இருப்பதுபோலவும் பார்க்க வேண்டுமாம். படித்தபோது புதிர் மாதிரி இருந்தது. அப்புறம் ஒருநாள் என் ஆட்டத்தையே பதிவுசெய்து திரும்பப் பார்த்தேன். எதிரி விமானம் கிட்டே வந்ததும் என் கட்டைவிரல் தானாகவே ஜூம் பொத்தானுக்குப் போகிறது. திரை முழுக்க அவன் வால்தான். மிச்ச வானம் எனக்கு இல்லவே இல்லை. பதினோரு சாவில் எட்டு, நான் ஜூமில் இருந்தபோது பின்னாலிருந்து வந்தவை.

டக்குவான் என்ற ஜென் துறவி, ஷோகனின் (ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்) வாள் ஆசான் யாக்யு முனேனோரிக்கு எழுதியதும் இதேதான். எதிரியின் வாளில் மனம் நின்றுவிட்டால் அந்த இடத்திலேயே நீ காலி. விமானிகள் இதற்கு ‘இலக்கில் ஒட்டிக்கொள்வது’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அன்றிலிருந்து சுடும் நேரம் தவிர ஜூம் கிடையாது. ஸீரோவில் 20 மிமீ பீரங்கி ஒவ்வொன்றுக்கும் 60 குண்டுதானே, விரலை எடுக்காமல் அழுத்தினால் ஏழெட்டு நொடியில் தீர்ந்துவிடும். அதனால் ஜூமும் ஒரு நொடிக்கு மேல் தேவைப்படுவதில்லை.

இன்னொன்று, ஸான்ஷின். வெட்டிய பிறகும் கவனத்தைத் தளரவிடாமல் இருப்பது. எதிரி புகைவிட்டுக் கொண்டு விழுவதை ரசிக்கிறோமே, அங்கேதான் நம்மை முடிக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கும், பார்க்காதீர்கள். சுட்டதும் இடப்பக்கம், பின்பக்கம், மேலே. அதற்குப் பிறகுதான் மகிழ்ச்சி.

---

தகரடப்பா எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஸீரோவில் கவசம் இல்லை, ஓட்டையைத் தானே அடைக்கும் எரிபொருள் தொட்டியும் இல்லை. அதைச் சாமுராய் மனநிலை என்று எல்லோரும் கவிதை பாடுகிறார்கள். ஜப்பான் கடற்படை கேட்டது நீண்ட தூரமும் வேகமான வளைவும். கையில் இருந்ததோ ஏறக்குறைய 940 குதிரைத்திறன் எஞ்சின். எடையைக் குறைத்தார்கள், வேறு வழியில்லை. இதில் தத்துவம் எங்கே வந்தது? பாயும்போதும் பார்த்துப் பாயுங்கள். வேகம் ஏற ஏற அதன் எய்லரான்கள் (விமானத்தை உருட்டும் இறக்கை மடல்கள்) கல்லாகிவிடும், உருளவே உருளாது.

அந்தச் சாவுப் பேச்சைப் போர்க்காலத்தில் இளைஞர்களின் தலையில் ஏற்றி என்ன செய்தார்கள் என்பதும் நமக்குத் தெரியும். விளையாட்டுக்குக்கூட எனக்கு அது ஒவ்வாது.

---

பழையகம்பி எழுதியது:

எஞ்சின் விஷயம் முழுக்கச் சரி. இரண்டாவதிலும் உங்களோடு சண்டை இல்லை. ஹகாகுரே பிறந்த அதே சாகா பகுதிக்காரர்தான் ஸீரோ விமானி ஸபுரோ சகாய், சாமுராய் பரம்பரையும்கூட. 1942 ஆகஸ்டில் குவாடல்கனால் தீவுக்கு மேலே, போர் விமானங்கள் என்று நினைத்துப் பின்னாலிருந்து நெருங்கினார். அவை பின்பக்கத் துப்பாக்கி உள்ள குண்டுவீச்சு விமானங்கள். தலையில் குண்டு, வலது கண் போயிற்று. அந்த நிலையிலும் நாலே முக்கால் மணி நேரம் ஓட்டி ரபாவுல் தளத்துக்கு வந்து சேர்ந்தார். செத்ததாக நினைத்துக்கொண்ட ஆள் அவ்வளவு தூரம் வருவாரா?

வெள்ளைவால், நமக்கு இருக்கும் கோளாறு வேறு. நம்மிடம் ‘மறுபடி பற’ பொத்தான் இருக்கிறது. சாக அஞ்சாமை நமக்கு இலவசம், அதில் என்ன பெருமை? நான் ஒரு விதி வைத்தேன்: ஒரு மாலைக்கு ஒரே உயிர். செத்தால் கணினியை அணைத்துவிட்டுப் போய்விட வேண்டும். முதல் வாரம் எல்லா நாளும் சீக்கிரமே தூங்கினேன். மூன்றாவது வாரம், இறக்கையில் ஓட்டையோடு திரும்பி வந்து தரையிறங்கினேன். அதுவரை அந்த ஆட்டத்தில் நான் தரையிறங்கியதே இல்லை என்று அன்றுதான் உறைத்தது.

---

வெள்ளைவால் எழுதியது:

நன்றி அண்ணா. நேற்று ஒரே உயிர் விதியோடு போனேன். ஜூமைத் தொடவில்லை, யாரையும் சுடவும் இல்லை, நாற்பது நிமிடம் உயிரோடு இருந்தேன். கை வியர்த்துவிட்டது. திரும்பி வந்து இறங்கும்போது வேகம் அதிகமாகி ஓடுபாதை முனையில் குப்புறக் கவிழ்ந்தேன்.

எதிரி யாரும் சுடவில்லையே, இது கணக்கில் சேராதுதானே?

---

பழையகம்பி எழுதியது:

சேரும். போய்த் தூங்குங்கள்.