அனுமார் தூக்குற மோட்டார் லேட்டா எடுக்குது, உடனே பதில் வேணும்

பள்ளத்தூர்_நாடகம்
சனிக்கிழமை ராமாயண நாடகம். அனுமார் சஞ்சீவி மலையோட பறக்கணும். பட்டனை அமுக்கினா ஒரு செகண்டுக்கு ஒண்ணும் ஆகல, அப்புறம்தான் தூக்குது. நிறுத்தினா ஆளு மேலயும் கீழயும் குதிக்கிறான். சுத்தவும் செய்றான், வசனம் வர்றப்ப முதுகுதான் சனத்துக்குத் தெரியுது. மோட்டார் புதுசு. கெபாசிட்டர் மாத்தினா சரியாகுமா?

கோட்டையூர்_வைண்டிங்
என்ன மோட்டார், எத்தனை வாட்? சிங்கிள் பேஸா இருந்தா கெபாசிட்டர்தான். வீக் ஆனா எடுக்கும்போது உறுமும். உறுமுதா?

ஒலிஒளி_தேவகோட்டை
ஆள் எடை? எவ்வளவு உயரம்? கயிறு ஒண்ணா ரெண்டா? மோட்டார் மேலயா கீழயா? மேல எதுல தொங்குது? இதுல ஒண்ணுகூட எழுதலையே தம்பி.

மூத்த_மேடை
இந்தக் கேள்வி இங்க எத்தனையோ தடவை வந்தாச்சு, தேடிப் படிக்கிற பழக்கம் யாருக்கும் இல்ல. இது வோல்டேஜ். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் கிலோமீட்டருக்கு 12 ஓம். 60 மீட்டர் இழுத்தா போக வர 120 மீட்டர், கிட்டத்தட்ட ஒன்றரை ஓம். ஓடும்போது 5 ஆம்பியருக்கு 7 வோல்ட்தான் போகும். எடுக்கும்போது 20 ஆம்பியர் இழுத்தா 29 வோல்ட் போயிடும். மோட்டார் திணறும், பிரேக் காயிலும் முழுசா விடாது. 4 சதுர மி.மீ. ஒயர் போடுங்க. மீட்டர் பிடிக்கத் தெரிஞ்சவங்களை வச்சு வேலை பாருங்க.

பள்ளத்தூர்_நாடகம்
உறுமல. வீட்டு முற்றத்துல மேடை. மஞ்சள் கலர் சின்ன ஹாய்ஸ்ட் (பாரம் தூக்குற மோட்டார்), 250/500 கிலோன்னு போட்டிருக்கு. அனுமார் 52 கிலோ. 10 அடி தூக்கணும்.

ஒலிஒளி_தேவகோட்டை
கேட்டதுல பாதிதான் வந்திருக்கு. மோட்டார் எங்க இருக்கு?

கப்பிக்கணக்கு
எதையும் வாங்குறதுக்கு முன்னால ஒண்ணு பாருங்க. கயிறு சுத்துற டிரம் ஓரத்துல சாக்பீஸால ஒரு கோடு போட்டு, ஆளை மாட்டி பட்டனை அமுக்குங்க. கால் ஒரு சாண்கூட எழும்ப வேண்டாம், உடனே இறக்கிடுங்க. கோடு உடனே நகருதா, ஒரு செகண்ட் கழிச்சா? உடனே நகர்ந்தா கெபாசிட்டரும் இல்ல, வோல்டேஜும் இல்ல. கயிறு எங்கயோ வீணாகுதுன்னு அர்த்தம். நிறுத்தின பிறகு செகண்டுக்கு எத்தனை தடவை குதிக்கிறாருன்னும் எண்ணிச் சொல்லுங்க.

பள்ளத்தூர்_நாடகம்
கோடு உடனே நகருது. குதிக்கிறது செகண்டுக்கு ஒண்ணு. மோட்டார் தரையில, சேனல்ல போல்ட் பண்ணி மணல் மூட்டை வச்சிருக்கோம். மேல சாரப் பைப்பு, ரெண்டு பக்கமும் சாரத்துல கிளாம்ப், இடைவெளி 16 அடி. நடுவுல கப்பி. ஒத்தைக் கயிறு.

கப்பிக்கணக்கு
தம்பி, இனிமே யாரையும் அதுல ஏத்தாதீங்க. ஒத்திகைக்கும் வேணாம்.

மோட்டார் தரையில இருந்தா கப்பியோட ஒரு பக்கம் ஆள் இழுக்கிறார், மறுபக்கம் மோட்டாரும் அதே அளவு இழுக்குது. 52 கிலோ ஆளுக்கு பைப்பு தாங்குறது 104 கிலோ. 48.3 மி.மீ. வெளிவிட்டம், 3.2 மி.மீ. தடிமன் உள்ள பைப்பு, 16 அடி இடைவெளி, நடுவுல 104 கிலோ: 10 செ.மீ.க்கு மேல வளையும். கப்பி 10 செ.மீ. இறங்கினா கயிறு ரெண்டு பக்கமும் சேர்ந்து 20 செ.மீ. தளரும். இந்த ஹாய்ஸ்ட் ஒத்தைக் கயிறுல நிமிஷத்துக்கு 10 மீட்டர், அதாவது செகண்டுக்கு 17 செ.மீ. உங்க ஒரு செகண்ட் அதுலதான் போகுது. மோட்டார் முதல்ல பைப்பை வளைக்குது, அப்புறம்தான் ஆளைத் தூக்குது.

குதிக்கிறதும் அதேதான். பைப்பு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யுது. கணக்குப் போட்டா செகண்டுக்கு ஏறக்குறைய ஒரு ஆட்டம் வருது, நீங்க எண்ணினதும் அதான்.

பெரிய ஆபத்து வேற. இரும்புக்குள்ள ஏறுற அழுத்தம் சுமார் 240 மெகாபாஸ்கல் ஆனா இந்தப் பைப்பு நிரந்தரமா வளைய ஆரம்பிக்கும். உங்க பாரத்துக்கு அசையாம நிக்கும்போதே 250 தாண்டுது. பைப்போட ரெண்டு முனைக்கும் நூல் கட்டி, ஆள் இல்லாம, நடுவுல எவ்வளவு தொய்வுன்னு அளங்க. பைப்போட சொந்த எடைக்கு 1 செ.மீ. தொய்யும். அதுக்கு மேல இருந்தா வளைஞ்சு போச்சுன்னு அர்த்தம். அதை நிமிர்த்தித் திரும்பப் போடக் கூடாது.

தேக்குத்தூண்
பைப்பே எதுக்கு? வளவுல உத்தரம் இருக்குமே. பர்மாத் தேக்கு, நூறு வருஷமா நிக்குது. கப்பியை அதுல மாட்டுங்க.

ஒலிஒளி_தேவகோட்டை
அண்ணே, நிக்கிறது வேற, நடுவுல ஒரு புள்ளியில இழுபடுறது வேற. ஓட்டு எடை உத்தரம் முழுக்கப் பரவி இறங்குது. சுண்ணாம்புச் சுவருக்குள்ள போற முனையிலதான் ஈரம் ஏறும், கரையானும் அங்கதான் முதல்ல வரும். வெளிய பாலிஷ் பளபளன்னு இருக்கும், திருப்புளியால குத்தினா உள்ள மாவா உதிரும்.

தேக்குத்தூண்
பர்மாத் தேக்கைக் கரையான் தொடாது. தொட்டிருந்தா இந்த ஊர்ல ஒரு வீடு மிஞ்சியிருக்காது.

ஒலிஒளி_தேவகோட்டை
வைரம் பாய்ஞ்ச கட்டையைத் தொடாது. வெளிமரம் ஒட்டியிருக்கிற பக்கத்தைத் தொடும். எந்தப் பக்கம் சுவருக்குள்ள இருக்குன்னு உங்களால சொல்ல முடியுமா?

தேக்குத்தூண்
அப்ப முற்றத்து ஓரத்துல இருக்கிற இரும்பு உத்தரம்? அது சீமைச் சரக்கு.

மூத்த_மேடை
அந்தக் காலத்து இரும்போட தரம் என்னன்னு யாருக்கும் காகிதம் கிடையாது. அதுக்கு மேல என்னென்ன கட்டியிருக்குன்னும் தெரியாது. ஆளைத் தொங்கவிடுற இடத்துல ஊகத்துக்கு இடமில்ல. ஒயரைப் பத்தி நான் சொன்னது இந்த இடத்துக்குப் பொருந்தல, கப்பிக்கணக்கு சொல்றதுதான் சரி. ஆனா கேட்டவர் முதல்லயே மோட்டார் தரையில இருக்குன்னு எழுதியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது.

கோட்டையூர்_வைண்டிங்
மோட்டாரைத் தூக்கி பைப்பு மேலயே மாட்டிட்டா பாதியாயிடுமே?

கப்பிக்கணக்கு
பாரம் பாதிக்குப் பக்கம் வரும், ஹாய்ஸ்ட் எடை ஒரு 15, 20 கிலோ கூடும். ஆனா அந்த ஹாய்ஸ்ட்டே மனுசனைத் தூக்கச் செஞ்சதில்ல, கூட வந்த புத்தகத்துலயே போட்டிருக்கும். அதுல ஒரே பிரேக், அதுவும் மோட்டார் தண்டுல. பிரேக்குக்கும் டிரம்முக்கும் நடுவுல கியர். பல்லு ஒண்ணு உடைஞ்சா டிரம்மைப் பிடிக்க எதுவுமே இல்ல. ஆளைத் தூக்குற வின்ச்சுல தனித்தனியா ரெண்டு பிரேக், கயிறு தளர்ந்தா தானா நிக்கிற ஸ்விட்ச், மேல எட்டினதும் நிறுத்துற லிமிட் ஸ்விட்சும் அதுக்கு மேல இன்னொண்ணும் இருக்கும்.

சனிக்கிழமைக்குள்ள ஆகுற வழி: சினிமாவுக்கு ரோப் போடுற ஆட்களைக் கூப்பிடுங்க. கையால இழுக்கிறவங்கதான், ஆனா ஆட்டத்தை உணர்ந்து விடுவாங்க. பைப்புக்குப் பதிலா நாலு கம்பி அலுமினியம் ட்ரஸ் (குறுக்குக் கம்பி வச்சுப் பின்னின உத்தரம்), தாங்குற கோபுரத்தோட. அந்த ட்ரஸ்ஸுக்கு 5 மீட்டர் இடைவெளியில நடுப்புள்ளி எவ்வளவு தாங்கும்ங்கிற அட்டவணையை வாங்கிப் பார்த்துட்டுத்தான் ஏத்தணும். கப்பியில வர்ற ரெட்டிப்புப் பாரத்தையும் அதுல சேர்த்துக் கணக்குப் போடுங்க.

சுத்துறதுக்குக் காரணம் ஒத்தைக் கயிறு. முறுக்கின இரும்புக் கயிறு பாரம் ஏறினதும் முறுக்கு அவிழப் பார்க்கும், ஆளையும் சேர்த்துத் திருப்பும். இடுப்புல ரெண்டு பக்கமும் மாட்டுற பறக்கும் ஹார்னஸ், ரெண்டு கயிறு, மேலயும் 40, 50 செ.மீ. தள்ளி ரெண்டு கப்பி. முகம் சனத்துப் பக்கமே நிக்கும். 6 மி.மீ. 7x19 (19 கம்பி முறுக்கின புரி ஏழு) இரும்புக் கயிறு ஒண்ணு அறுபட சுமார் 2 டன் வேணும். ஆளுக்குப் பத்துல ஒரு பங்குதான் கணக்கு, அதாவது 200 கிலோ. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்கும். மடக்கின முனையில அமுக்கின ஃபெரூல் (உலோகக் குழல்), மடிப்புக்குள்ள திம்பிள் (கயிறு நசுங்காம இருக்க வளைவுத் தகடு). கிளிப் போட்டே ஆகணும்னா மூணு, யு கம்பி வால் (பாரம் ஏறாத முனை) பக்கம், கட்டை பாரம் தாங்குற பக்கம். மாத்திப் போட்டா யு கம்பி கயிறை நசுக்கிடும்.

ஒலிஒளி_தேவகோட்டை
இப்ப என்ன பெல்ட் போட்டிருக்கார்? கட்டட வேலைக்காரங்க போடுறது, முதுகுல வளையம் வச்சதா? அது விழுந்தா பிடிக்கிறதுக்கு, தொங்குறதுக்கு இல்ல. தொடைப் பட்டை ரத்த ஓட்டத்தை அடைக்கும், சில நிமிஷத்துலயே மயக்கம் வரும். ஆள் மேல சிக்கினா இறக்க 12 அடி ஏணியும் ரெண்டு ஆளும் திரைக்குப் பின்னால தயாரா நிக்கணும்.

பள்ளத்தூர்_நாடகம்
நூல் கட்டிப் பார்த்தோம். 3 செ.மீ. பைப்பைக் கழட்டிட்டோம். மதுரையில ரோப் ஆட்கள்ட்ட பேசியாச்சு. கல்யாண லைட் போடுறவர் ட்ரஸ் தர்றார். எல்லாருக்கும் நன்றி.

கப்பிக்கணக்கு
நல்லது. கழட்டின பைப்பை அறுத்துடுங்க, இல்லாட்டி சாரக்காரர் வேற எங்கயாவது போடுவார். ட்ரஸ்ஸோட அட்டவணை கிடைச்சுதா? ஆளுக்கு முன்னால 110 கிலோ மணல் மூட்டையைத் தொங்கவிட்டு நூலால அளந்துட்டு எழுதுங்க.

ஒலிஒளி_தேவகோட்டை
தம்பி, பெல்ட் எதுன்னு இன்னும் சொல்லலையே.