கவுதாரிக்கு ஏக்கருக்கு நாலு புதர்: விடணுமா, வேரோட எடுக்கணுமா?

பாடியநல்லூர்க்காரன்:
மீஞ்சூர் பக்கத்து மேய்க்கால் புறம்போக்கை, அதாவது ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தை, சீர் பண்றது பத்தின இழையில நம்ம வேரறுப்போன் திருவாய் மலர்ந்திருக்காரு: "வேலிகாத்தானை (சீமைக் கருவேலம்) ஒண்ணு விடாம பிடுங்குங்க. புல் வரும். புல் வந்தா கவுதாரி தானா வரும்." அதுக்குக் கைதட்டல் வேற. படிச்சிட்டுச் சும்மா போக முடியல.

கவுதாரி தரையில மேயும், தரையில முட்டை வைக்கும். ஆனா ராத்திரி முள்ளு மேல ஏறித்தான் அடையும். பகல்ல வல்லூறு வந்தா பறக்கிறதை விட ஓடத்தான் பாக்கும், ஓடி நுழைய ஒரு முள்ளு வேணும். மொட்டையா வழிச்சுப் போட்டா காடை நிக்கும், கவுதாரி நிக்காது. அதனால ஏக்கருக்கு நாலு புதர் விடுங்க. ஏக்கர்னா சதுரமா பக்கத்துக்கு 208 அடி. நாலாப் பிரிச்சு, ஒவ்வொரு பாகத்து நடுவுலயும் ஒரு புதர். பறவை எந்த மூலையில நின்னாலும் 75 அடிக்குள்ள முள் கிடைச்சிடும்.

வேரறுப்போன்:
வந்துட்டாருய்யா கணக்கு வாத்தியார். அந்த நாலு புதரும் காய்க்குமா காய்க்காதா, அதைச் சொல்லுங்க. காய் இனிப்பு, ஆடு மாடு தேடித் தேடித் தின்னும். விதை சாகாது, சாணியோட வந்து விழும், வயித்துல ஊறினதால இன்னும் சீக்கிரமாவே முளைக்கும். இன்னைக்கு நாலு விட்டா மூணு மழை கழிச்சு நாலாயிரம். ஒண்ணு கூட விடக்கூடாது.

பாடியநல்லூர்க்காரன்:
காய் மஞ்சளாகறதுக்குள்ள கிளையை அறுத்துட்டா எந்த ஆடு திங்கும்? அதுக்குத்தான் நாலுன்னு சொல்றேன், நாப்பது சொல்லல. நாலு புதரைக் கவாத்து பண்ண ரெண்டு ஆள் போதும். ஆள் உயரத்துக்கு மேல போக விடக்கூடாது, விட்டா காக்காவும் வல்லூறும் உக்காந்து நோட்டம் பாக்கும். அடிக்கிளையை மட்டும் தொடாதீங்க, தரையோட படர்ந்து கிடக்கிற கிளைதான் கவுதாரிக்கு வாசல். கழிச்ச முள்ளைக் கொளுத்தாம அதே புதரடியில குவிச்சா நாய் நுழையாது.

அத்திப்பட்டு அனல்:
நீங்க ரெண்டு பேரும் புதரை விட மாட்டீங்களா? புல்லு யார் போடுறது? பிடுங்கின தரையை அப்படியே விட்டா முதல் மழைக்கு முளைக்கிறது புல்லு இல்ல, மண்ணுல தூங்கிக் கிடந்த வேலிகாத்தான் விதைதான். குழியை மூடிச் சமப்படுத்திட்டு, புரட்டாசி கடைசியில கொழுக்கட்டைப் புல் விதை ஏக்கருக்கு 2.5 கிலோ. அறுத்த உடனே விதைச்சா முளைக்காது, ஆறு மாசமாவது ஆறப் போட்ட விதையா இருக்கணும். பஞ்சு மாதிரி இருக்கும், காத்து அடிச்சா பக்கத்து ஊருக்குப் போயிடும், ஈர மணல்ல பிசறித் தூவுங்க. மேல அரை அங்குலத்துக்கு மேல மண் ஏறக்கூடாது. நெருக்கமா விதைச்சு மெத்தையாக்கிடவும் கூடாது. தூருக்குத் தூர் நடுவுல வெறும் மண் தெரியணும், அப்போதான் குஞ்சு ஓடும். குஞ்சுக்கு முதல் ரெண்டு வாரம் கரையானும் சின்னப் பூச்சியும்தான் சாப்பாடு.

கொசஸ்தலை ஓரமா உமரி முளைச்ச உவர் நிலத்துல மட்டும் இதைப் பண்ணாதீங்க. விதைக் காசு போச்சு.

வேரறுப்போன்:
புல்லைப் பத்தி எனக்கும் தெரியும். கேள்வி நாலு புதர். கீரி எங்க பதுங்கும்? அதே நாலு புதர்ல. 18, 19 நாள் கவுதாரி அடைகாக்கிற வரைக்கும் கீரி என்ன விரதம் இருக்குமா?

பாடியநல்லூர்க்காரன்:
கீரிக்குப் புதர்தான் வேணும்னு யார் சொன்னா? வரப்பு வளை போதும், குழாய் போதும். முட்டையை அழிக்கிறது கீரியை விட உங்க ஜேசிபி. வைகாசியில வண்டி இறக்கினா முட்டையும் குஞ்சும் சங்கிலி அடியில. பங்குனியிலேர்ந்து ஆவணி வரைக்கும் முக்கியமான முட்டைப் பருவம், தெரியுமா தெரியாதா? தை மாசம் இறக்கணும், மண்ணும் இளகியிருக்கும். தரைமட்டத்துக்கு வெட்டினா ஒண்ணு பத்தாத் துளிர்க்கும். தண்டும் வேரும் சேர்ற முண்டு ஒரு அடிக்குள்ள இருக்கு, அதோட வரணும். 2017ல வேலிகாத்தானை எடுக்கச் சொல்லி ஹைகோர்ட் மதுரைக் கிளை உத்தரவு வந்தப்போ கணக்குக் காட்ட மேலால வெட்டிப் போட்ட இடமெல்லாம் எப்படித் துளிர்த்துச்சுன்னு பாத்தோமே.

அதனால: நாலு புதர்.

காசிமேடு கானா:
இன்னா தலீவா இவ்ளோ டென்சன்? பண்ணைல காடை விக்கிது, ஒரு நூறு வாங்கி உட்டா மேட்டர் ஓவர்.

அத்திப்பட்டு அனல்:
அது ஜப்பான் காடை. தலைமுறை தலைமுறையா இன்குபேட்டர்ல பொரிச்சது, அடையில உக்காரவே மறந்துபோச்சு. விட்ட அன்னைக்கே நாய்க்கும் காக்காவுக்கும் விருந்து. தப்பிப் பிழைச்சது வலசை வர்ற காடையோட சேர்ந்து இனத்தைக் கெடுக்கும். அப்புறம் எவனாவது அதைப் பிடிக்கிறேன்னு வலை கட்டுவான், நம்ம காடையும் கவுதாரியும் சேர்ந்து மாட்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது வேட்டை.

காசிமேடு கானா:
ஒரு ஐடியா சொன்னா கேஸ் போட்றீங்க. நல்லா கீது.

ஏரிக்கரை:
எல்லாரும் கவுதாரி கவுதாரின்றீங்க. மஞ்சள் மூக்கு ஆட்காட்டி அந்த நிலத்துல இல்லையா? அதுக்குத் திறந்த கட்டாந்தரை வேணும், சுத்தி எல்லாம் கண்ணுக்குத் தெரியணும். 75 அடிக்குள்ள ஒரு முள்ளுன்னா அது எங்க முட்டை வைக்கும்?

பாடியநல்லூர்க்காரன்:
தலைப்பைப் படிங்க. கவுதாரிக்கு.

ஏரிக்கரை:
நிலம் தலைப்பு படிக்காது சார். போன வருஷம் இதே ஆள்தான் "காலி நிலம்"னு சொல்லி அங்க புங்கனும் வேம்பும் நடுங்கன்னு பக்கம் பக்கமா எழுதினாரு. தரிசு நில வரைபடத்துல புல்வெளியைத் தரிசுன்னு போடுற அதிகாரிக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?

பாடியநல்லூர்க்காரன்:
நடச் சொன்னது ஏரிக்கரையில, புல்வெளியில இல்ல. முழுசா எடுத்துப் போடுங்க, பாதி வரியை வெட்டி ஒட்டாதீங்க. இது உங்க பழைய வழக்கம்.

வேரறுப்போன்:
அதான் பாருங்க, எதைக் கேட்டாலும் "முழுசா படி". அடைய முள்ளுதானே வேணும்? சங்கஞ்செடி, சூரை, காரை, இலந்தை வைங்க. நம்ம மண்ணு முள்ளு, உப்புக்காத்துக்குச் சங்கஞ்செடி தாங்கும். 2022ல தமிழ்நாடு அரசே அந்நியச் செடிகளை அகற்றக் கொள்கை கொண்டு வந்தாச்சு, இவர் நாலு மட்டும் வெச்சுக் கும்பிடணுமாம்.

பாடியநல்லூர்க்காரன்:
வைங்களேன், யார் வேணாம்னா? சூரை ஆள் உயரப் புதராக மூணு வருஷமாவது ஆகும். அதுவரைக்கும் கவுதாரி உங்க வீட்டு மொட்டை மாடியிலயா அடையும்? ஒவ்வொரு புதரடியிலயும் ரெண்டு சூரை நடு, அது முள்ளு கட்டினதும் வேலிகாத்தானை முண்டோட எடு. அதுவரைக்கும் நாலு.

வேரறுப்போன்:
ஆக கடைசியில எடுக்கத்தான் போறீங்க.

பாடியநல்லூர்க்காரன்:
கடைசியில. இன்னைக்கு இல்ல. எழுத்துக் கூட்டிப் படிக்கவும்.

அத்திப்பட்டு அனல்:
புல் வந்த பிறகு வெட்டுறது பத்தி யாராவது பேசுவீங்களா? வெட்டாம விட்டா கோடையில ஒரு பீடித் துண்டு போதும், மொத்தமும் சாம்பல். சுத்தி பத்தடி அகலத்துக்குச் செதுக்கி வைக்கணும். தை, மாசியில வருஷத்துக்கு மூணுல ஒரு பங்குதான் வெட்டணும், ஒரு சாண் தூர் விட்டு. நடுவுல ஆரம்பிச்சு வெளியே வரணும். ஓரத்துலேர்ந்து உள்ளே போனா பறவை நடுவுல மாட்டி பிளேடுல அடிபடும்.

வேரறுப்போன்:
நடுவுல ஆரம்பிச்சு வெளியே வர்றப்போ இவரோட நாலு புதரைச் சுத்தி மெசினை எப்படித் திருப்புறதாம்?

பாடியநல்லூர்க்காரன்:
புதருக்கு ஆறடி முன்னாடியே நிறுத்திட்டு மிச்சத்தை அரிவாள்ல அறுக்கிறது. மெசின் ஓட்டுறவனுக்குத் தெரியும்.

ஏரிக்கரை:
ஆட்காட்டிக்கு இன்னும் பதில் வரல.

காசிமேடு கானா:
மூணு பொதர்னா ஓகேவா?

வேரறுப்போன்:
வேற இழையில நாய்ப் பிரச்சனை ஓடுது, அங்க வாங்க. இங்க நாலுக்கு மேல எண்ணத் தெரியாதவங்ககூட பேசி வேலைக்காவல.

பாடியநல்லூர்க்காரன்:
அங்கேயும் வர்றேன். அந்த நிலத்துலயும் அளவு 208 அடிதான்.