சூட்டோடு மூடிய களிமாவு, நறநறக்கும் உப்பு, இறுகாத ஊப்ளெக்: உங்களுக்கு எது சொதப்பியது?

நூல்கண்டு:
அடுப்பிலிருந்து இறக்கும்போது காதுமடல் பதத்தில் இருந்த, பிள்ளைகள் விளையாடும் களிமாவு. மறுநாள் டப்பாவைத் திறந்தால் சேறு. மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர், மாவின் மேல் பிசுபிசுப்பு, நடுவில் மட்டும் பழைய பதம். அளவு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 1 கப் மைதா, அரை கப் உப்பு, 1 கப் தண்ணீர், 1 மேசைக்கரண்டி எண்ணெய், 2 தேக்கரண்டி கிரீம் ஆஃப் டார்ட்டர் (பேக்கிங்கில் சேர்க்கும் புளிப்புத் தூள்). தப்பு அளவில் இல்லை, சூட்டோடு மூடியதில். ஆவி மூடியில் பட்டுச் சொட்டியது, மாவிலிருந்த உப்பு அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டது. மைதா தூவிப் பிசைந்தால் அப்போதைக்குச் சரியாகும், அப்புறம் வெடித்து உதிரும். திரும்பச் சட்டியில் போட்டுச் சிறுதீயில் 2 நிமிடம் புரட்டியதும் பதம் வந்துவிட்டது.

தீக்குச்சி:
கிரீம் ஆஃப் டார்ட்டரைத் தேடி அலையவே வேண்டாம். 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு போதும், அதே அளவு தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். இங்கே சொதப்பியது வேறு. மாவு முழுக்க நறநற. உருட்டிக்கொண்டிருந்த குழந்தை நடுவில் நிறுத்தி, உள்ளங்கையை விரித்துப் பார்த்து, "மண்ணு" என்றது! கல்லுப்பு போட்ட வினை. இனிமேல் வெந்நீரில் உப்பை முழுசாகக் கரைத்த பிறகுதான் மாவு.

அரைக்கரண்டி:
தீக்குச்சி, முழுசாகக் கரையாது. வெந்நீரிலும் கரையாது. சூடு ஏற ஏறச் சர்க்கரை கூடுதலாகக் கரையும், உப்பு அப்படியில்லை. 240 மி.லி. தண்ணீர் சுமார் 85 முதல் 95 கிராம் உப்பைத்தான் வாங்கும். அரை கப் தூளுப்பு 140 கிராம் அளவுக்கு வரும். மிச்சம் எங்கே போகும்? மாவுக்குள் தூளாகவே நிற்கும். தூளுப்பாக இருந்தால் கைக்குத் தெரியாது, கல்லுப்பு என்றால் தெரியும். நறநறப்பே கூடாதென்றால் கால் கப்புக்கு இறக்குங்கள், அது முழுக்கக் கரையும். ஆனால் மாவு கெடாமல் காப்பதே உப்புதான். பாதியாக்கினால் ஃபிரிட்ஜில் வைத்து, ஒரு வாரத்தில் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கேட்காமலே இன்னொன்றும் சொல்கிறேன். கலரைக் கடைசியில் பிசைகிறவர்கள் கையெல்லாம் சாயத்தோடு நிற்பார்கள், மாவிலும் கோடு கோடாக நிற்கும். தண்ணீரிலேயே கலரைக் கலந்துவிட்டு மைதாவைக் கொட்டுங்கள். கட்டி தட்டாமல் கரைத்த பிறகே அடுப்பில் ஏற்றுங்கள். முதலில் கூழ், பிறகு கட்டி கட்டியாய், பிறகு ஓரம் விட்டு ஒரே பந்தாகச் சுருளும். அந்தக் கட்டி கட்டியான கட்டத்தில் "கெட்டுப்போச்சு" என்று தண்ணீர் ஊற்றுகிறவர்கள்தான் அதிகம். ஊற்றாதீர்கள், இன்னும் ஒரு நிமிடம் கிளறுங்கள். ஒரு துளி கிள்ளி விரலில் உருட்டினால் ஒட்டக்கூடாது, மேலே இருந்த ஈர மினுமினுப்பும் போயிருக்க வேண்டும். தட்டில் பரப்பி, துணி மூடி, உள்சூடும் போகும் வரை ஆறவிட்ட பிறகு டப்பா.

வெள்ளைத்தாள்:
மஞ்சள்தூள் போட்டுச் செய்த மஞ்சள் மாவு. சோப்புக் கை பட்ட இடமெல்லாம் செங்கல் சிவப்பாகிவிட்டது. குழந்தை பயந்து அழ, வீடே காயம் எங்கே என்று தேடியது. மஞ்சளுக்குச் சோப்பிலுள்ள காரம் பட்டால் சிவக்கும், அவ்வளவுதான். எலுமிச்சை தடவினால் திரும்ப மஞ்சள். இப்போது அதுவே விளையாட்டு.

ஈரத்துணி:
ஊப்ளெக், அதாவது மாவும் தண்ணீரும் கலந்த விளையாட்டுக் கூழ், இரண்டு முறை வெறும் கரைசலாகவே நின்றது. தட்டினால் கெட்டியாகணும், அள்ளினால் ஒழுகணும், இரண்டும் இல்லை. 2 பங்கு மாவுக்கு 1 பங்கு தண்ணீர், அளவு சரியாகத்தான் இருந்தது.

அரைக்கரண்டி:
என்ன மாவு போட்டீர்கள்?

ஈரத்துணி:
சோள மாவு.

அரைக்கரண்டி:
அதுதான். தேவையானது கார்ன்ஃப்ளார், அதாவது வெறும் ஸ்டார்ச். வெள்ளை வெளேரென்று இருக்கும், விரலிடுக்கில் நசுக்கினால் கிறீச்சிடும். வெள்ளைச் சோள மாவும் மக்காச்சோள மாவும் முழுத் தானியத்தை அரைத்தவை, அவற்றில் ஊப்ளெக் வராது. பழுப்போ மஞ்சளோ தெரிந்தாலே அது தப்பான பாக்கெட். இன்னொன்று: முடிந்ததும் சிங்க்கில் ஊற்றிவிடாதீர்கள். ஸ்டார்ச் குழாயின் வளைவில் படிந்து கல்லாட்டம் இறுகும். தட்டில் காயவிட்டு, பொருக்காகச் சுரண்டிக் குப்பையில் போடுங்கள்.

நூல்கண்டு:
கேட்டது ஒரு வரி, வந்தது ஒரு பாடம். இருந்தாலும் சிங்க் விஷயம் உண்மை.

பனையோலை:
பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் கை அச்சு எடுப்பதைப் பற்றி யாராவது எழுதுவீர்கள் என்று பார்த்தேன். கிண்ணத்தில் இருந்தது 10 நிமிடத்தில் தொட முடியாத சூடு. நல்லவேளை, உள்ளே இருந்தது ஒரு இலை, பிஞ்சுக் கை இல்லை. அது இறுகும்போதே சூடு கிளம்பும். தடிமனாகக் கொட்டினால் இன்னும் அதிகம், கையை வைத்தால் வெந்துவிடும், அதற்குள் இறுகி வெளியே எடுக்கவும் முடியாது. கை அச்சுக்கு உப்பு மாவே போதும்: 2 கப் மைதா, 1 கப் தூளுப்பு, முக்கால் கப் தண்ணீர், அடுப்பே வேண்டாம். அரை சென்டிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, கையை அழுத்தி எடுத்து, ஓவனில் 100 டிகிரியில் 2 முதல் 3 மணி நேரம். அவசரப்பட்டு 180 வைத்தால் உப்பிக்கொண்டு விரல் ரேகையே போய்விடும்.

தீக்குச்சி:
அடுப்பே வேண்டாம் என்றால் பச்சை மைதா. பச்சை மாவில் கிருமி இருக்கலாம், வாயில் வைக்கிற வயதுப் பிள்ளைக்கு வேகவைத்த மாவுதான்.

பனையோலை:
அச்சு எடுப்பதற்கு அரை நிமிடம், உடனே கை கழுவல். உருட்டி விளையாடக் கொடுக்கச் சொல்லவில்லையே. ஆனால் வீட்டில் நாய் இருந்தால் எந்த உப்பு மாவையும் தரையில் விடாதீர்கள். அத்தனை உப்பு அதற்கு விஷம்.

வெள்ளைத்தாள்:
எண்ணெய் எந்த எண்ணெய்?

நூல்கண்டு:
வாசனை இல்லாத எதுவும். குறைத்தால் மாவு காய்ந்து வெடிக்கும், கூட்டினால் காகிதத்தில் திட்டு விழும்.