ஜீப்பின் முன் ஹவுசிங் ஆயிலில் தண்ணீர், வழி சொல்லுங்கள்

குழு நண்பர்களுக்கு வணக்கம். எழுமலை பக்கம் மலையடிவாரத்தில் எங்கள் தோட்டம். உரம், தேங்காய் ஏற்ற அப்பா வாங்கிய பழைய ஃபோர் வீல் டிரைவ் டீசல் ஜீப்தான். ஐப்பசி மழையில் தினமும் முழங்கால் தண்ணீரில் ஓடையைக் கடந்தோம்.

நேற்று முன் டிஃபரென்ஷியல் (இரண்டு முன் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் கியர்) டிரெயின் போல்ட்டைக் கழற்றினால், பால் கலந்த டீ மாதிரி ஆயில் வருகிறது. ஓடிச் சூடான ஹவுசிங், அதாவது அந்த கியரின் கூடு, தண்ணீரில் இறங்கியதும் குளிர்ந்து, உள்ளே காற்று சுருங்கும். காற்று போய்வரும் சிறு மூடியான பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியே தண்ணீரை இழுக்கும். பார்த்தேன், பிரீதர் முழுக்க மண். அப்பா இருந்தவரை மழைக்கு முன்பே அதைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடுவார். நான் விட்டுவிட்டேன், மனசு கேட்கவில்லை.

ஆயிலை வடித்துப் புதிதாக 90 கியர் ஆயில் ஊற்றிவிட்டேன். ஷாஃப்ட் மூட்டிலுள்ள கிராஸ், பட்டை ஸ்பிரிங்கின் ஷேக்கிள் பின் எல்லாவற்றுக்கும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை கிரீஸ் அடித்தாயிற்று.

இந்த ஆயிலை எத்தனை கிலோமீட்டரில் மறுபடி மாற்றலாம்? பிரீதருக்கு ஹோஸ் போட்டு பானெட் உயரத்துக்குக் கொண்டுபோனவர்கள் யாராவது இருந்தால் படம் போடுங்கள். அப்புறம், கியர்பாக்ஸுக்குக் கடையில் ஜிஎல்-5 தர ஆயில் தருகிறார்கள். உள்ளே கியர் மாற்றும்போது வேகத்தைச் சமன்செய்யும் பித்தளை சிங்க்ரோ ரிங் இருப்பதால் ஜிஎல்-4 தான் சரி என்று நினைக்கிறேன். உங்கள் அனுபவம் என்ன?

உசிலம்பட்டியிலோ மதுரையிலோ முன் ஹப்பைப் பிரித்து சீல் மாற்றத் தெரிந்த மெக்கானிக் இருந்தால் சொல்லுங்கள் அண்ணே. அடுத்த வாரம் தேங்காய் வெட்டு.