ஒவ்வொரு கோடையிலும் கேஸ் நிரப்புகிறோம், ஆனாலும் ஏ.சி. குளிரவில்லை

அலையோரம் (திருவான்மியூர், சென்னை)

எங்கள் படுக்கையறையில் இருப்பது 1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏ.சி. 2021-இல் வாங்கினோம். உள்ளே இருப்பது ஆர்-32 கேஸ். சென்ற ஆண்டு சித்திரையில் குளிர் குறைந்தது. பராமரிப்பு ஒப்பந்தக்காரர்கள் அனுப்பிய ஆள் வந்து, "கேஸ் தீர்ந்துவிட்டது" என்று சொல்லி நிரப்பிவிட்டுப் போனார். இந்த மார்ச் மாதம் மறுபடியும் அதே கதை. இப்போது கத்திரி வெயில் தொடங்கியதும் மீண்டும் வெறும் காற்றுதான் வருகிறது.

நானே பார்த்தவற்றை எழுதுகிறேன். ரிமோட்டில் 24 டிகிரி வைத்திருக்கிறேன். ஏ.சி. மேற்புறம் இழுக்கும் காற்று 31 டிகிரி, கீழே விடும் காற்று 26. ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுகிறேன். பால்கனியில் இருக்கும் அவுட்டோர் யூனிட்டின் விசிறி நன்றாகச் சுற்றுகிறது. அதில் வந்து சேரும் இரண்டு செம்புக் குழாய்களில் மெல்லியதன் மீது வெள்ளையாக ஐஸ் படிகிறது, தடித்த குழாய் காய்ந்து கிடக்கிறது. அறை 10-க்கு 12 அடி. எங்களுக்கு மேலே இன்னும் ஒரு மாடி இருப்பதால் மொட்டை மாடிச் சூடு நேரடியாக இறங்குவதில்லை.

அறையில் படுப்பது என் அம்மா. 78 வயது, இதய நோய்க்கு மாத்திரை எடுக்கிறார். கடற்கரை ஊரின் புழுக்கத்தில் இரவெல்லாம் உறங்காமல் உட்கார்ந்திருக்கிறார். ஒப்பந்தக்காரர்கள் இப்போது, "இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்கிறார்கள். சில ஆண்டுகளே ஆன இயந்திரத்தை எறிவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதுரைக்காரன்

ஃபில்டரைக் கழுவினால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் காயிலையும் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) தண்ணீர் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் சரியானது. அதுவரை ரிமோட்டில் 16 வைத்துப் பாருங்கள், கொஞ்சமாவது குளிரும்.

உப்புக்காற்று (தூத்துக்குடி, ஏ.சி. மெக்கானிக்)

சகோதரி, முதலில் ஒன்று. 16 வைக்காதீர்கள். ரிமோட்டில் எண்ணைக் குறைப்பதால் காற்று அதிகமாகக் குளிர்ந்து வராது; கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், அவ்வளவுதான். கம்ப்ரசரின் மோட்டாரைக் குளிர வைப்பதே அதன் வழியாக ஓடும் கேஸ்தான். கேஸ் குறைந்த நிலையில் விடாமல் ஓட்டினால் மோட்டார் சூடேறும். எண்ணெயும் சரியாகத் திரும்பி வராது. இன்று கேஸ் கோளாறோடு நிற்கும் செலவு நாளை கம்ப்ரசரையும் சேர்த்துக்கொள்ளும். அம்மாவுக்கு இன்றிரவு வேறு அறை கிடைத்தால் அங்கே படுக்க வையுங்கள். இல்லையென்றால் இரண்டு பக்க ஜன்னலையும் திறந்து, மின்விசிறியைப் போட்டு, துணியை நனைத்துக் கை கால்களைத் துடைத்து விடுங்கள்.

இனி உங்கள் ஏ.சி.க்கு வருவோம். நல்ல நிலையில் இருந்தால் இழுக்கும் காற்றுக்கும் விடும் காற்றுக்கும் 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது 5. காயிலில் அழுக்கு அடைத்துக் காற்றோட்டம் குறைந்திருந்தால் உள் காயில் முழுவதும் ஐஸ் பிடிக்கும், தடித்த குழாயும் சில்லென்று வியர்க்கும். உங்களுக்கு மெல்லிய குழாயில் மட்டும் ஐஸ், தடித்தது காய்ந்திருக்கிறது. மதுரைத் தம்பி சொன்னது தப்பில்லை, அவர் வீட்டுக் கோளாறு அது. உங்களுடையது கேஸ் குறைவு. வந்தவர் அந்த அளவில் பொய் சொல்லவில்லை.

ஆனால் "தீர்ந்துவிட்டது" என்ற சொல்லை நான் ஏற்கவே மாட்டேன். ஏ.சி.யில் கேஸ் எரிவதில்லை, தேய்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். குறைந்தது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் கேஸ் நிரப்பிக் காசு வாங்குவது தொழிலே இல்லை. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இப்படிச் செய்கிறார்கள் என்று படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

உங்களுடையது கடலோர வீடு. நான் வேலை பார்க்கும் ஊரிலும் இதே தொல்லைதான். உப்புக்காற்று அவுட்டோர் காயிலின் அலுமினியத் தகடுகளைப் பொடியாக உதிர்த்துவிடும். உள் காயிலுக்கு வேறொரு எமன் உண்டு. பிளைவுட் பசை, பெயின்ட், சில துப்புரவுத் திரவங்கள் இவற்றிலிருந்து எழும் அமில ஆவி, ஈரமான செம்புக் குழாயை எறும்புப் புற்று போல உள்ளுக்குள் குடைந்துவிடும். வெளியே ஊசிமுனைத் துளைகூடக் கண்ணுக்குத் தெரியாது.

வருகிற ஆளிடம் இதைச் செய்யச் சொல்லுங்கள். முதலில் குழாய் இணைகிற ஃபிளேர் நட்டுகளில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசிந்து தூசி ஒட்டியிருக்கும். அங்கே சோப்பு நுரை வைத்தாலே தெரிந்துவிடும். அங்கே இல்லையென்றால், மிஞ்சிய கேஸைத் தனி இயந்திரம் வைத்துச் சிலிண்டருக்குள் எடுத்துக்கொண்டு, அவுட்டோர் யூனிட்டின் இரண்டு வால்வுகளையும் மூடிவிட்டு, குழாய்களிலும் உள் காயிலிலும் நைட்ரஜன் ஏற்றி ஓர் இரவு விட வேண்டும். காலையில் அழுத்தம் இறங்கியிருந்தால் கோளாறு உள்ளே அல்லது குழாயில். இறங்காவிட்டால் அவுட்டோர் யூனிட்டைச் சந்தேகப்படலாம்.

நைட்ரஜன் மட்டுமே. ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். கம்ப்ரசர் எண்ணெயும் அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். ஆர்-32 கேஸும் லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது. கேஸ் உள்ளே இருக்கும்போது யாரும் குழாயில் நெருப்பு வைத்துப் பற்றவைக்கக் கூடாது.

சேலத்து வாத்தியார்

எங்கள் வீட்டில் ஒருமுறை, கம்ப்ரசர் மோட்டாரைக் கிளப்பிவிடும் கப்பாசிட்டர் போய்க் குளிரவில்லை. சில நூறு ரூபாயில் முடிந்தது. அதையும் பார்க்கச் சொல்லலாமே?

உப்புக்காற்று

ஐயா, உங்களுடையது பழைய வகை, ஒரே வேகத்தில் ஓடும் கம்ப்ரசராக இருந்திருக்கும். இன்வெர்ட்டர் கம்ப்ரசரை இயக்குவது மின்னணுப் பலகை. அதற்கு அந்தக் கப்பாசிட்டர் கிடையாது. மேலும் கம்ப்ரசர் ஓடாவிட்டால் குழாயில் ஐஸ் பிடிக்காது.

அலையோரம்

உப்புக்காற்று அண்ணனுக்கு நன்றி. ஒப்பந்தக்காரர்களை விட்டுவிட்டு, அடையாற்றில் தனியாகக் கடை வைத்திருக்கும் ஒருவரை அழைத்தோம். நீங்கள் எழுதியதைக் காட்டினேன். மறுப்புச் சொல்லாமல் நைட்ரஜனோடு வந்தார். ஃபிளேர் நட்டுகளில் ஒன்றுமில்லை. காலையில் அழுத்தம் நன்றாக இறங்கியிருந்தது. உள் காயிலைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தியபோது அதன் வளைவு ஒன்றிலிருந்து குமிழிகள் வரிசையாக வந்தன. சென்ற ஆண்டின் தொடக்கத்தில்தான் அதே அறையில் பிளைவுட் அலமாரி அடித்தோம்.

அந்த இடத்தை மட்டும் பற்றவைத்தால் போதுமா, காயிலையே மாற்ற வேண்டுமா? அம்மாவை இப்போதைக்குத் தங்கை வீட்டில் விட்டிருக்கிறேன்.

உப்புக்காற்று

காயிலை மாற்றுங்கள். இப்படி அரித்த காயிலில் ஓர் ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். உத்தரவாத அட்டையை எடுத்துப் பாருங்கள், சில மாடல்களில் காயிலுக்குக் கம்ப்ரசரைப் போலவே தனிக் காலம் கொடுத்திருப்பார்கள்.

மாட்டும்போது குழாயின் பழைய ஃபிளேர் முனைகளை (நட்டுக்குள் பொருந்த விரித்த வாய்) வெட்டிவிட்டுப் புதிதாக விரிக்கச் சொல்லுங்கள். காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்ப் வைத்து, குழாய்க்குள் மிஞ்சும் அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் கீழே இறக்க வேண்டும் (மைக்ரான் இங்கே அழுத்த அளவு), கேஸைக் கொஞ்சம் திறந்து காற்றைத் தள்ளிவிடும் குறுக்கு வழி வேண்டாம். இன்வெர்ட்டரில் வேகத்தைப் பொறுத்து அழுத்தம் மாறிக்கொண்டே இருக்கும். மீட்டரைப் பார்த்து உத்தேசமாக நிரப்பக் கூடாது. அவுட்டோர் யூனிட்டின் தகட்டில் எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கும். தராசில் நிறுத்து அவ்வளவையே போட வேண்டும்.

அலையோரம்

அட்டையில் காயிலுக்கு ஐந்து ஆண்டு போட்டிருக்கிறது! நிறுவனத்தில் பதிவு செய்துவிட்டேன், வெள்ளிக்கிழமை வருகிறார்கள். கடைசியாக ஒன்று: மெல்லிய குழாயின் மேலுறை கிழிந்து தொங்குகிறது. தடித்த குழாய்க்கு மட்டும் உறை போதும் என்று முன்பு வந்தவர் சொன்னார். உண்மையா?

உப்புக்காற்று

இல்லை. ஸ்பிளிட் ஏ.சி.யில் கேஸ் விரிவடைந்து குளிர்வது அவுட்டோர் யூனிட்டுக்குள்ளேயே நடந்துவிடும். இரண்டு குழாயிலும் குளிர்தான் வருகிறது. இரண்டுக்கும் தனித்தனியாக உறை போட்டு, வெயில் படும் இடத்தில் மேலே டேப்பும் சுற்றச் சொல்லுங்கள்.